25 வயதில் வெள்ளைப் புடவை... 2 ஆண்டில் ரூ.1 லட்சம் சம்பளம்! யார் இந்த கே.பி.சுந்தராம்பாள்?

டிவியில் 'திருவிளையாடல்' ஓடும்போது ஒரு காட்சியில் வீடே அமைதியாகிவிடும். கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவையார் பாடிச் சமாதானப்படுத்தும் காட்சிதான் அது. அந்த ஔவையார், கே.பி.சுந்தராம்பாள். நமக்கெல்லாம் பாட்டியாகவே தெரிந்த இவர், ஒரு காலத்தில் நாடக மேடையைக் கலக்கிய வள்ளி.

ரயிலில் தொடங்கிய பாட்டு

1908-ல் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். 'கே' என்பது ஊர், 'பி' என்பது அம்மா பாலாம்பாள். வீட்டில் கடும் வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமிதான், பிறகு வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து நாடக நடிகை ஆனார்.

அப்போது மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். சுந்தராம்பாளின் குரல் கணீரென்று போய்ச் சேர்ந்தது.

வள்ளிக்கும் காஞ்சிக்கும் என்ன தொடர்பு?

பெரும் கூட்டம் சேர்த்த நாடகம் 'வள்ளி திருமணம்'. இந்தக் கதை விரிவாக வருவது கந்தபுராணத்தில். அதை எழுதிய கச்சியப்ப சிவாச்சாரியார், காஞ்சிபுரம் குமரகோட்டம் முருகன் கோயிலில் பூஜை செய்தவர். அங்கேயே அது அரங்கேறியதாகச் சொல்வார்கள். பட்டுக்குப் பேர்போன ஊரின் புராணம், சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் மூலம் நாடகமாகி ஊர் ஊராகப் போனது.

கிட்டப்பா வந்தார்

1920-களில் நாடகத்துக்காக இலங்கை போனார் சுந்தராம்பாள். அங்கேதான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். இருவரும் போட்டி போட்டுப் பாட, கூட்டம் அலைமோதியது. 1927-ல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். அன்றைய இந்துச் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. சென்னை மாகாணத்தில் தடை வந்தது 1949-ல்தான்.

ஆனால், வாழ்க்கை நாடகம் போல இனிக்கவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. கிட்டப்பாவின் குடிப்பழக்கம், பிரிவு, மனஸ்தாபம் எல்லாம் சேர்ந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25.

ஏன் வெள்ளைப் புடவை?

அன்றோடு வண்ணப் புடவைகளை ஒதுக்கிவிட்டு வெள்ளைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். ஜோடி இல்லாத நடிகைக்கு என்ன வேடம் கிடைக்கும்? தொழிலே முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

நடந்தது வேறு. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி வற்புறுத்தி, மறுபடி பாட அழைத்து வந்தார். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம், அதுவும் நந்தனாராகவே! சம்பளம் ரூ.1 லட்சம். சினிமா வேண்டாம் என்று தட்டிக் கழிக்கவே அவ்வளவு கேட்டார், அவர்களோ கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

அடுத்து 'மணிமேகலை' (1940), ஜெமினியின் 'ஔவையார்' (1953), கவுந்தி அடிகளாக 'பூம்புகார்' (1964). துறவி, பக்தர், மூதாட்டி என ஜோடியே தேவைப்படாத வேடங்கள். தன் முடிவை மாற்றிக்கொள்ளாமல், அதற்குள்ளேயே ஒரு பாதை போட்டுக்கொண்டார்.

சட்ட மேலவையிலும்...

காங்கிரஸ் மேடைகளில் பாடிக் கூட்டம் சேர்த்தவர், 1950-களில் சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 'துணைவன்' படப் பாடலுக்காக 1969-ம் ஆண்டின் சிறந்த பாடகிக்கான தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ என விருதுகள் வந்தன.

1980-ல் காலமானார். கிட்டப்பாவோடு மேடையில் நின்றது சில ஆண்டுகள்தான். அவருக்காக உடுத்திய வெள்ளைப் புடவையோ, சுமார் 47 ஆண்டுகள் கடைசி வரை கூடவே வந்தது.