ஒற்றைக் கண்ணால் இருளை வென்றவர்

இலண்டனில் 1909-இல் பிறந்த எரிக் ஹோஸ்கிங், பறவைகளைப் படமெடுப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர். 1937-இல் வேல்ஸ் நாட்டில் இருளில் பாய்ந்த ஆந்தையின் நகம் பட்டு அவரது இடக்கண் பறிபோயிற்று. அஞ்சினாரா? இல்லை! குணமானதும் மீண்டும் ஆந்தைகளையே நாடிச் சென்றார்.

மங்கிய ஒளியில் காமிராவின் கதவை நெடுநேரம் திறந்து வைத்தால் அசையும் பறவை கலங்கித் தெரியும். ஆகவே மின்னணுப் பளிச்சொளியைத் துணைக்கொண்டார். இம்முறையின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். கண நேர ஒளியில் சிறகசைவு தெளிவாகப் பதிந்தது. அருகிருந்த பறவை ஒளிர, பின்னாலிருந்த கிளையும் புதரும் இருளில் மறைந்தன. சிறகு விரித்து, அலகில் எலியுடன் வரும் கூகையை 1948-இல் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது.

1991-இல் மறைந்தார். கண்ணொன்று போயினும் கருத்துத் தளராத அவர் வாழ்வு நமக்கொரு பாடமன்றோ!