நீச்சல் வீரர் மிகிர் சென்

நம் குளத்தூர் வட்டாரம் கரிசல் பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் குடிநீருக்கே குடத்துடன் நடக்க வேண்டும். ஆயினும் கிழக்கே சில கல் தொலைவில் மன்னார் வளைகுடா விரிந்து கிடக்கிறது. அக்கடலின் வடகிழக்குக் கோடியில் உள்ளது 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடி. 1966 ஏப்ரல் 6ஆம் நாள், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து ஓர் இரவும் பகலும் நீந்தி வந்த ஒருவர் அங்கே கரையேறினார். அவரே மிகிர் சென்.

இன்று மேற்கு வங்கத்தைச் சேர்ந்த புருலியாவில் 1930 நவம்பர் 16ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை மருத்துவரே ஆயினும் குடும்பத்தில் வறுமை நிலவியது. மகனை நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே தாயார் லீலாவதி குடும்பத்தைக் கட்டாக் நகருக்குக் கொண்டு சென்றார். முட்டையும் பாலும் விற்று மகனைப் படிக்க வைத்தார். தீப்பெட்டி ஒட்டியும் பருத்தி எடுத்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாரை அறிந்த நமக்கு, அந்த அம்மையாரைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உத்கல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற மிகிர் சென், பிஜு பட்நாயக் செய்த உதவியால் 1950இல் இங்கிலாந்து சென்றார். கையில் இருந்தது பத்துப் பவுன். இரயில் நிலையத்தில் இரவு வேளையில் சுமை தூக்கினார். பின்னர் இந்தியா ஹவுஸில் பணி கிடைத்தது. பகலில் வேலை, இரவில் படிப்பு என உழைத்துப் பாரிஸ்டரானார். அந்நாளில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த அமெரிக்கப் பெண்மணி பிளாரன்ஸ் சாட்விக் பற்றிய கட்டுரையொன்று அவர் கண்ணிற் பட்டது. அப்போது அவர் முறையான நீச்சல் அறியாதவர். ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் பாடந்தொடங்கினார். கால்வாயில் பலமுறை இறங்கித் தோற்றார். முடிவில் 1958 செப்டம்பர் 27ஆம் நாள் 14 மணி 45 நிமிடத்தில் அதனைக் கடந்து, அவ்வாறு கடந்த முதல் இந்தியர் ஆனார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இனித்தான் நாம் கருத வேண்டிய செய்தி. தாயகம் திரும்பிய அவ்வீரரைக் கல்கத்தாவின் மனமகிழ் மன்றங்கள் உள்ளே விடவில்லை. வெள்ளையர்க்கு மட்டுமே இடம் என்பது அவற்றின் விதி. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு கடந்த பின்னும் இவ்விதி நிலைத்திருந்தது! கடலைக் கடந்தவர்க்கு வாயிற்படியைக் கடக்க இயலவில்லை. அவர் வாளா இருந்தாரல்லர். பத்திரிகைகள் வாயிலாகப் பெருங்கிளர்ச்சி நடத்தினார். மன்றங்களின் கதவு திறந்தது.

நம் முதியோர்க்கு இவ்வகைக் கதவு புதிதன்று. இக்கட்டுரையாளன் சிறுவனாக இருந்த காலத்தில், ஓர் ஊரின் இறவைக் கிணற்றில் மற்றச் சிறுவர் குதித்து விளையாட, நம் பிள்ளைகள் தொலைவில் நின்று பார்த்ததுண்டு. மாடு குளிப்பாட்டும் ஓடைப் பள்ளத்திலேதான் நாங்கள் கைகால் அடிக்கக் கற்றோம். கல்கத்தாவில் தடுத்தது நிறம்; இங்குத் தடுத்தது சாதி. மற்றொரு வேறுபாடும் உண்டு. மிகிர் சென் பாரிஸ்டர். எழுதவும் வழக்குரைக்கவும் வல்லவர். ஆதலின் நாடு அவர் பேச்சைக் கேட்டது. கிணற்றருகே நின்ற சிறுவர்க்கு அன்று எழுதத் தெரியாது.

1966ஆம் ஆண்டே அவர் வாழ்வின் உச்சம். பாக் நீரிணையில் துணை வரும் கடற்படைக்கு 45,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் முதலிய ஆதரவாளர் வழியே பாதி சேர்ந்தது. எஞ்சியதற்குப் பிரதமர் இந்திரா காந்தி துணை நின்றார். பாம்பும் சுறாவும் உலவும் அந்நீரில் 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். பின்னர் ஆகஸ்டில் ஜிப்ரால்டர், செப்டம்பரில் டார்டனெல்ஸ், பாஸ்போரஸ், அக்டோபரில் பனாமா கால்வாய் என அவ்வாண்டிலேயே ஐந்தையும் முடித்தார். 1967இல் பத்மபூஷண் அளிக்கப்பெற்றது.

பிற்காலம் இரங்கத்தக்கது. பட்டு ஏற்றுமதி செய்து செழித்த அவருடைய தொழில், 1977க்குப் பின் நொடித்தது. நோயுற்று நினைவாற்றலும் இழந்தார். தம் 66ஆம் வயதில், 1997 ஜூன் 11ஆம் நாள், கல்கத்தாவில் காலமானார்.