பகைவரை அயலாராக்கிய ராபர்ட் ஷூமான்



பிரான்சும் ஜெர்மனியும் 1870-க்கும் 1945-க்கும் இடையில் மும்முறை யுத்தம் செய்த அயல் தேசங்கள். அவ்விரண்டின் எல்லையிலுள்ள லொரேன் நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் ஷூமான், 1886-ல் லக்சம்பர்க்கில் பிறந்தார். 1911-ல் தாயார் விபத்தில் மரித்தபோது குருவாகிவிட நினைத்தார். இல்லறத்தார் நடுவிலிருந்தே சர்வேசுரனுக்கு ஊழியம் செய்யும்படி சிநேகிதர் ஒருவர் புத்தி சொன்னார். வழக்கறிஞரானார், 1919-ல் பிரெஞ்சுப் பாராளுமன்ற அங்கத்தினரானார். விவாகம் செய்யவில்லை. அனுதினமும் திவ்விய பூசை காண்பார்.

1940-ல் நாஜிகள் அவரைச் சிறைப்படுத்தினர். 1942-ல் தப்பி, சந்நியாச மடங்களில் ஒளிந்திருந்தார். யுத்தம் முடிந்தபின் அவர் பழிவாங்க நினைத்திருந்தால் உலகம் குறை சொல்லியிராது. அவரோ வெளிநாட்டு மந்திரியாயிருந்து, 1950 மே 9-ந் தேதி, ழான் மொனே வகுத்த திட்டத்தின்படி, இரு தேசங்களின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின்கீழ் வைக்க அழைத்தார். பீரங்கி பிறப்பது அவ்விரண்டிலுமல்லவா? அவை பொதுவானால் ஒருவர் அறியாமல் மற்றவர் ஆயுதம் வார்ப்பதெப்படி?

1951-ல் ஆறு நாடுகள் ஒப்பந்தம் செய்தன. அதுவே வளர்ந்து 27 நாடுகளின் ஐரோப்பிய ஒன்றியமாயிற்று. 2022-ல் உக்ரைனில் பெரும் யுத்தம் மூண்டு ஐரோப்பா மீண்டும் கலங்கிற்று. ஆயினும் ஒன்றியத்து நாடுகள் தங்களுக்குள் ஒருபோதும் யுத்தம் செய்ததில்லை.

ஷூமான் 1963-ல் மரித்தார். 2021-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

கிணற்றுக்காகவும் வரப்புக்காகவும் அயலாரோடு பேசாதிருப்பவர்களே, மன்னித்தேனென்று வாயால் சொல்லி நின்றுவிடாதேயுங்கள். வழக்குக்குக் காரணமான அந்தக் கிணற்றையே இருவருமாய்ச் சேர்ந்து தூர்வாருங்கள். சமாதானம் அங்கே ஊறும்.