இழந்து ஜெயித்தவர்

நண்பர்களே, நெகடிவ் ஃபீட்பேக் என்றாலே இரண்டு மார்க் கேள்விதான் நமக்கு ஞாபகம் வரும். அதைக் கண்டுபிடித்த ஹெரால்டு பிளாக்கும் பெயரளவில் ஒரு பாலிடெக்னிக் மாணவர்தான்! 1898-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லியோமின்ஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். வூஸ்டர் பாலிடெக்னிக் இன்ஸ்டிட்யூட்டில் 1921-இல் பட்டம் பெற்று, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போது பெரிய தலைவலி, தொலைதூர டெலிபோன். ஒரே லைனில் பல பேச்சுகளை வெவ்வேறு அலைவரிசையில் அனுப்ப வேண்டும். வழி நெடுக ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டும். ஒவ்வொரு வால்வும் கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்க்கும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

எல்லோரும் நல்ல வால்வு செய்யப் பார்த்தார்கள். பிளாக் 1923-இல் பாதையை மாற்றினார். வால்வு தப்பு செய்யட்டும், அந்தத் தப்பை மட்டும் பிரித்தெடுத்துக் கழித்துவிடலாம் என்று நினைத்தார். அதுதான் ஃபீட்ஃபார்வர்ட். வேலை செய்தது. ஆனால் மணிக்கொரு தடவை யாராவது வந்து ஃபிலமென்ட் கரண்ட்டைச் சரிசெய்ய வேண்டும். நடக்கிற காரியமா?

மனுஷன் விடவில்லை. 1927 ஆகஸ்ட் 2, காலை. ஹட்சன் நதியில் படகேறி ஆபீஸ் போகிறார். அவுட்புட்டில் ஒரு பங்கை எதிர் ஃபேஸில் இன்புட்டுக்கே திருப்பினால்? கையில் இருந்த செய்தித்தாளிலேயே படம் போட்டு, சமன்பாடு எழுதி, கையெழுத்தும் போட்டார்.

கணக்கைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் கெயின் 1,00,000. திருப்பி அனுப்புவது நூற்றில் ஒரு பங்கு. மிஞ்சும் கெயின் 99.9 மட்டுமே. வால்வு பழசாகி கெயின் பாதியாக, 50,000 ஆகட்டும், அப்போதும் 99.8! அதே ஆண்டு டிசம்பர் 29-இல் லேபில் அளந்தபோது, 4 முதல் 45 கிலோஹெர்ட்ஸ் வரை டிஸ்டார்ஷன் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

ஆனாலும் பலர் நம்பவில்லை. பாடுபட்டுச் சேர்த்த கெயினை யாராவது தூக்கி எறிவார்களா? அவுட்புட்டை இன்புட்டில் சேர்த்தால் ஆசிலேட் ஆகாதா? பிரிட்டிஷ் பேடன்ட் ஆபீஸ் இதை, எரிபொருள் இல்லாமல் ஓயாது ஓடும் இயந்திரம் என்று சிலர் கொண்டுவருவார்களே, அந்த ரகத்தில் சேர்த்தது. எப்போது ஆசிலேட் ஆகும், எப்போது ஆகாது என்ற கணக்கை நைக்விஸ்ட் 1932-இல் கொடுத்தார். 1928-இல் விண்ணப்பித்த அமெரிக்க பேடன்ட், 1937-இல்தான் கைக்கு வந்தது.

இன்று டெஸ்டிங் லேபில் சிக்னல் ஜெனரேட்டருக்கும் சோதிக்கும் கருவிக்கும் நடுவே பிராட்பேண்ட் ஆர்.எஃப். பவர் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதில் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தாயிற்று. டிரான்சிஸ்டருக்கு அலைவரிசை ஏற ஏற கெயின் இறங்கும். கலெக்டரிலிருந்து பேஸுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக ஃபீட்பேக் கொடுத்தால், அதிக கெயின் உள்ள கீழ்ப்பகுதி அதிகமாக அடங்கி, பேண்ட் முழுவதும் சமமாகிறது. ஆனால் மிக உயர்ந்த அலைவரிசையில் சிக்னல் சுற்றி வருவதற்குள் ஃபேஸ் மாறிவிடும்; நிறைய ஃபீட்பேக் கொடுத்தால் ஆசிலேஷன்தான். அங்கே கைகொடுத்தது எது தெரியுமா? 1923-இல் ஓரங்கட்டிய ஃபீட்ஃபார்வர்ட்! செல்போன் டவர் ஆம்ப்ளிஃபயர்களில் அது பயன்பட்டது. மணிக்கொரு தடவை ஆள் செய்த வேலையைக் கன்ட்ரோல் சர்க்யூட் தானே பார்த்துக்கொண்டது.

பிளாக் 1983-இல் மறைந்தார். ஓடாத சர்க்யூட் என்று எதையும் கிழித்துப் போடாதீர்கள், நண்பர்களே. ரெக்கார்டு நோட்டில் தேதி போட்டு வையுங்கள். அதற்கும் ஒரு காலம் வரலாம்.