தூனிஸ் நகர் வாசலில்

இப்னு பதூதாவை உலகம் சுற்றிய பெரும் பயணியாக நாம் எல்லோரும் அறிவோம். அவர் அழுத கதையைத்தான் அதிகம் பேர் அறிந்திருக்கமாட்டார்கள்.

மொரோக்கோவின் தன்ஜியர் நகரில், மார்க்கச் சட்டம் கற்ற குடும்பமொன்றில் 1304ஆம் ஆண்டு பிறந்தார். 1325இல், 21 வயதில், ஹஜ் செய்யும் நிய்யத்தோடு தன்னந்தனியாகப் புறப்பட்டார். அப்போது தாயும் தந்தையும் உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிந்தது அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தது.

வழியில் காய்ச்சல் கண்டது. விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். தூனிஸை அடைந்தபோது ஊர்மக்கள் வெளியே வந்து, கூட வந்தவர்களையெல்லாம் ஸலாம் கூறி வரவேற்றார்கள். இவரை அறிந்தவர் அங்கே யாருமில்லை. ஒருவரும் ஸலாம் சொல்லவில்லை. துக்கம் தாளாமல் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹஜ் பயணி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை பேச்சுக் கொடுத்தபடியே வந்தார்.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் எங்கள் குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் இந்தத் தூனிஸ் வாசல்தான் என் கண்முன் வருகிறது. புதிய வகுப்பில் என்னோடு முதலில் பேசப்போவது யார்? அழுத அதே இளைஞரைத் தூனிஸிலிருந்து புறப்பட்ட ஹஜ் கூட்டத்துக்குக் காதியாக நியமித்தார்கள் என்று வாசித்தபோதுதான் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஹஜ்ஜை முடித்தவர் வீடு திரும்பவில்லை. ஈராக், யெமன், கிழக்காபிரிக்கா என்று சுற்றி டில்லிக்கு வந்தார். சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காதியாக்கி, சில ஆண்டுகளின் பின் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டைக் கரையில் புயல் கப்பலை அழித்தது. பிறகு மாலைதீவிலும் காதிப் பதவி.

1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட கப்பல் திசைமாறி நமது புத்தளத்தை அடைந்தது. ஆரியச்சக்கரவர்த்தி அவரை அன்போடு உபசரித்தார். மன்னருக்குப் பாரசீகம் விளங்கியதால் பேச்சுக்குத் தடையிருக்கவில்லை. அவரிடம் இப்னு பதூதா கேட்டது, நபி ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகச் சொல்லப்படும் பாவாதமலைக்குப் போக வழி. மன்னர் பல்லக்குக் கொடுத்து, யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் இன்னும் பலரையும் துணைக்கு அனுப்பினார். மலையில் இரும்புச் சங்கிலிகளைப் பிடித்தே ஏறவேண்டியிருந்தது. அவற்றிலொன்றுக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா சொல்லிக்கொள்வாராம்! தெவிநுவர, காலி, கொழும்பு வழியாக அவர் மீண்டும் புத்தளம் வந்தார். மன்னர் அன்பளித்த இரத்தினங்களைப் பின்னர் கடற்கொள்ளையர் பறித்துக்கொண்டனர்.

1348இல் டமஸ்கஸில், தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகளாகிவிட்டன என்ற செய்தி கிடைத்தது. அடுத்த ஆண்டு ஊர் நெருங்கும்போது, கொள்ளைநோயில் தாயும் மறைந்துவிட்டதை அறிந்தார். தன்ஜியரில் தாயின் கப்றை மட்டுமே ஸியாரத் செய்ய முடிந்தது.

அதன்பின் அந்தலூஸுக்கும் மாலிக்கும் பயணம் செய்தார். மொரோக்கோ சுல்தானின் கட்டளைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதிய ரிஹ்லா, 1355இல் நிறைவடைந்தது. மன்னர்களும் அறிஞர்களும் நிறைந்த அந்த நூலில், தூனிஸில் ஸலாம் சொன்னவருக்கும் இடமுண்டு. பெயர்தான் இல்லை.