ஹானிபால்

அயல்நாட்டிற் புகுந்து பதினைந்து ஆண்டு தங்கி, அங்கு நிகழ்ந்த பெரும்போர் எதிலும் தோலாது, எனினும் அந்நாட்டை வெல்லாது மீண்ட சேனாபதி ஒருவன் உளன். அவனே ஹானிபால். வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரத்தில் கி.மு. 247-ல் ஹமில்கார் என்னும் படைத்தலைவனுக்கு மைந்தனாய்ப் பிறந்தான். ஒன்பதாம் வயதில், ரோமருக்கு ஒருநாளும் நண்பனாகேன் எனப் பலிபீடத்தின்முன் ஆணையிட்டான் என்பர்.

கி.மு. 218-ல் அவன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியில் இறங்கியபோது எஞ்சியோர் 20,000 காலாட்களும் 6,000 குதிரை வீரருமே. பின்னர்க் காலியர் பலர் வந்து சேர்ந்தனர். திரேபியா நதிக்கரையிலும், திரசிமேனே ஏரிக்கரையிலும் ரோமர் தோற்றனர். கி.மு. 216-ல் கன்னே வெளியில் அவர்தம் பெருஞ்சேனை நாற்புறமும் வளைக்கப்பட்டு ஒரே பகலில் அழிந்தது.

உடனே ரோமாபுரியைத் தாக்காமை அவன் பிழையென்பர் பலர். நாம் அவ்வாறு கருதோம். வழியோ 200 மைலுக்கு மேல். மதிலைத் தகர்க்கும் பொறிகளும் அவனிடம் இல்லை. ரோமரின் நேசநகரங்கள் அவர்களைக் கைவிடும் என்பதே அவன் நம்பியிருந்தது. அது ஓரளவு பலித்தது. காப்புவா என்னும் பெருநகரம் அவன் பக்கஞ் சேர்ந்தது. பலித்ததே அவனுக்குக் கேடாயிற்று என்று சொல்லத் துணிகிறோம். வந்த நகரங்கள் ஆள் கொடுத்தது சிறிது. காவல் கேட்டது பெரிது. நினைத்தவிடத்திற் பாய்ந்த வேங்கை வாயில்காப்போன் ஆயிற்று. ஒன்றைக் காக்கச் சென்றால் மற்றொன்றை ரோமர் கவர்ந்தனர்.

பாபியஸ் என்னும் ரோமத் தலைவனோ கி.மு. 217-லேயே இதற்கு வழிகாட்டியிருந்தான். நேர்ப்போர் கொடாது, மலைச்சாரலைப் பற்றி நின்று, உணவு திரட்டப் போவோரை மட்டும் வெட்டினான். அவன் ஊராரே அவனைக் கோழையென ஏசினர். கன்னேக்குப்பின் அந்நெறியையே மேற்கொண்டனர். 8,000 அடிமைகளை விலைக்கு வாங்கிப் படையிற் சேர்த்தனர். கி.மு. 209-ல் முப்பது லத்தீன் குடியேற்றங்களுள் பன்னிரண்டு இனி ஆளும் பொருளும் தரவியலாதென்றன. ஏனைய பதினெட்டும் தளரவில்லை. ஹானிபாலுக்கோ கார்த்தேஜிலிருந்து இத்தாலியில் வந்து சேர்ந்த துணைப்படை கி.மு. 215-ல் வந்த ஒன்றே.

காப்புவா கி.மு. 211-ல் வீழ்ந்தது. கி.மு. 207-ல் அவன் தம்பி ஹஸ்துருபால் புதுப்படையோடு ஆல்ப்ஸ் கடந்து வந்தான். அவன் வரவை ஹானிபால் எதிர்நோக்கியிருக்க, தம்பியின் தலையே பாசறைக் காவலர்முன் எறியப்பட்டது. மெதாரஸ் ஆற்றங்கரையில் அப்படை அழிந்ததை அவன் அறிந்தது அதனாற்றான்.

பின்பு இத்தாலியின் தென்கோடியில் ஒடுங்கியிருந்தவனைக் கார்த்தேஜ் கி.மு. 203-ல் திரும்ப அழைத்தது. மறு ஆண்டு சாமாவில் சிப்பியோ அவனை வென்றான். கி.மு. 196-ல் நகரத் தலைமை பூண்டு, பொதுப்பணம் களவாடிய அதிகாரிகளை வெளிப்படுத்தினான். அவர்கள் ரோமரிடம் கோள் மூட்டவே, ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. பல நாடுகளில் அலைந்து, கி.மு. 183-ஐ ஒட்டி, பித்தினியா நாட்டில், ரோமர் கையிற் சிக்காதபடி நஞ்சுண்டு மாண்டான்.