ரொட்டி கொடுத்து எழுத்து வாங்கிய சிறுவன்

அமெரிக்கா பற்றிய செய்தி இல்லாமல் ஒரு நாளும் போவதில்லை. தேர்தல், நீதிமன்றத் தீர்ப்பு, தெருப் போராட்டம் என்று ஏதாவது ஒன்று கைப்பேசியில் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோரும் சமம் என்று எழுதிவைத்துத் தொடங்கிய நாட்டில் ஏன் இத்தனை சண்டை? இந்தக் கேள்வி எனக்குப் பல நாள் இருந்தது. வரலாறு படிக்கப் பிடிக்கும் என்பதால் விடையைப் பழைய காலத்தில் தேடினேன். அப்படி அறிமுகமானவர்தான் ஃபிரெடரிக் டக்ளஸ்.

1818ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்தில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் அவர். தம் பிறந்த நாள் எது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார். வேறொரு பண்ணையில் பகல் முழுவதும் உழைத்த தாய், சில இரவுகளில் நெடுந்தூரம் நடந்துவந்து மகனைப் பார்த்துவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடுவார். மகனுக்கு ஏழு வயது இருக்கும்போது அவரும் இறந்துபோனார்.

எட்டு வயதளவில் பால்டிமோர் நகரில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டுப் பெண்மணி அவருக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவருக்குத் தெரியவந்ததும் பாடம் நின்றது. படிக்கத் தெரிந்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அந்தக் கணவரின் அச்சம். எஜமானரே இவ்வளவு அஞ்சுகிறார் என்றால் அதில்தான் விடுதலைக்கு வழி இருக்கிறது என்று சிறுவன் புரிந்துகொண்டான்.

அதன்பிறகு தெருவே அவருக்குப் பள்ளிக்கூடம். ஏழை வெள்ளைக்காரச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்கு அவர்களிடம் வாசிக்கக் கற்றார். கப்பல் கட்டும் இடத்தில் தச்சர்கள் பலகைகளில் இட்ட குறிகளைப் பார்த்து எழுதிப் பழகினார். 50 காசு சேர்த்து, புகழ்பெற்ற உரைகள் அடங்கிய ஒரு புத்தகத்தை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தார்.

1838 செப்டம்பர் 3. மாலுமிபோல் உடுத்தி, வேறொருவரின் ஆவணத்தை வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். பின்னர் அவருடைய மனைவியான அன்னா மர்ரே பயணத்துக்குப் பணம் தந்து உதவினார். 24 மணி நேரத்துக்குள் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. எனக்கும் இப்போது அதே வயது. மாணவர் அட்டையை மறந்துவிட்டு நூலக வாசலில் நின்றாலே எனக்குக் கை நடுங்கும்.

அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் அவர் மிக நன்றாகப் பேசியதால், இவர் அடிமையாகவே இருந்திருக்க முடியாது என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அதற்குப் பதிலாக 1845இல் சுயசரிதை எழுதினார். எஜமானர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் அதில் சொன்னார். உண்மை நிரூபணமானது. ஆனால் பிடித்துக்கொண்டு போகவும் வழி திறந்தது. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்தார். அங்கிருந்த நண்பர்கள் சுமார் 711 டாலர் கொடுத்து அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள்.

நாடு திரும்பியவர் 1847இல் ரோசெஸ்டர் நகரில் நாளேடு அல்ல, ‘நார்த் ஸ்டார்’ என்ற வார ஏட்டைத் தொடங்கினார். அமெரிக்க அரசமைப்புச் சட்டம் அடிமை முதலாளிகளின் சாசனம் என்பது அவரை மேடையேற்றிய வில்லியம் லாயிட் கேரிசனின் கருத்து. டக்ளசும் முதலில் அதை ஏற்றிருந்தார். பிறகு தாமே படித்துப் பார்த்தார். அதில் அடிமை என்ற சொல்லே இல்லை. சுதந்திரத்துக்கான வாக்குறுதி இருக்கிறது, அதையே ஆயுதமாக்கலாம் என்று 1851இல் வெளிப்படையாகக் கருத்தை மாற்றிக்கொண்டார். இதனால் கேரிசனின் நட்பை இழந்தார். மறு ஆண்டு சுதந்திர தினத்தை ஒட்டிப் பேச அழைத்தார்கள். நாட்டை உருவாக்கியவர்களை முதலில் பாராட்டினார். பிறகு, இந்தக் கொண்டாட்டத்தில் அடிமைக்கு என்ன பங்கு என்று கேட்டார்.

உள்நாட்டுப் போரில் அவருடைய இரு மகன்கள் படையில் சேர்ந்தார்கள். வெள்ளைப் படைவீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பினத்தவருக்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். 1863இல் டக்ளஸ் நேரே போய் அதிபர் லிங்கனிடம் இதை எடுத்துச் சொன்னார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் சம ஊதியம் வழங்கியது. 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1870இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் அவருடைய முதுமையிலேயே தென் மாநிலங்கள் அந்த உரிமையைப் பறிக்கத் தொடங்கின. அவர் ஓயவில்லை. 1895 பிப்ரவரி 20ஆம் தேதி பெண்கள் அமைப்பு ஒன்றின் கூட்டத்துக்குப் போய் வீடு திரும்பியவர், அன்று மாலையே காலமானார்.

என் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்தது. எழுதியதற்கும் நடப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றித்தான் அங்கே இன்னும் சண்டை நடக்கிறது. எழுதியதை நம்பாமல் தூக்கிப் போடுவது எளிது. டக்ளஸ் அதைப் படித்து, எழுதியவர்களிடமே கணக்குக் கேட்டார். அவருடைய முதல் சுயசரிதை சிறிய புத்தகம்தான். விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்கிப் படித்துப் பாருங்கள்.